பச்சைக்குக் கீழே பச்சை

தாண்டிக்குடிக்கு மேலே எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர், மழைக்காலத்தில் வெறும் சேறு. அதற்காகத்தான் 2017இல், ராணுவம் ஏலத்தில் கழித்த ஒரு மாருதி ஜிப்சியைத் தேடிப் பிடித்தேன். 1985இல் இந்தியாவுக்கு வந்த ரகம். ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, பின்னாளில் வந்த 1300 சிசி பெட்ரோல் இன்ஜின், முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டை, நாலு சக்கரமும் இழுக்கும். மலைக்கு வேறென்ன வேண்டும்?

ஏலத்தில் எடுத்தவரின் கொட்டகையில் வண்டி நின்றது. நான் பெயின்ட்டையும் டயரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் எதையும் பார்க்கவில்லை. கோணியை விரித்து நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங் என்று வந்த சத்தம், பின்பக்கப் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் மட்டும் டொப்பென்று அமுங்கியது.

“இந்த எடத்துல வெல்டிங் வைக்கணும் தம்பி. மத்தபடி பயப்படாத, நல்லாப் பாத்திருக்காங்க.”

“எப்படிண்ணே சொல்றீங்க?”

டார்ச்சை என் கையில் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு வட்டம். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதென்று யாரோ போட்ட அடையாளம்.

“விடிஞ்சதும் ஆயில், தண்ணி, டயர் காத்து எல்லாம் பாக்காம வண்டியை எடுக்க விட மாட்டாங்க. பர்ஸ்ட் பரேடுன்னு சொல்லுவோம்” என்றார்.

இன்ஜினைவிட என்னைப் பாடாய்ப் படுத்தியது காகிதம். ராணுவ வண்டியின் நம்பர் தனி ரகம். மேல்நோக்கிய அம்புக்குறி, அதையடுத்து ஆண்டைக் குறிக்கும் இரண்டு எண்கள் என்று போகும். ஏலம் போனால் அந்த நம்பருக்கு வேலை முடிந்தது. நம் ஊரில் புதிதாகப் பதிவு செய்ய, படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழ் வேண்டும். புது வண்டிக்கு அதை டீலர் கொடுப்பார். ஏலம் போன ராணுவ வண்டிக்குப் பாதுகாப்புத் துறை அதிகாரி கொடுக்க வேண்டும். அது கையில் இல்லாதவரிடம் விலையே பேசாதீர்கள். எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் அந்த வண்டி பழைய இரும்புதான்.

எங்களிடம் சான்றிதழ் இருந்தது. சேஸிஸ் நம்பர்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தோம். ஒவ்வொரு எண்ணாகத் தாளில் எழும்பி வந்தது. சான்றிதழில் 8 என்றிருந்த இடத்தில் இரும்பில் 3 இருந்தது. அதைத் திருத்தி வாங்க ஐந்து மாதம். அதுவரை கொட்டகையிலேயே நின்ற வண்டியை நினைத்தால் மனசு கேட்காது.

அடுத்து பச்சை. மோட்டார் வாகன விதிகள்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. அதை அப்படியே வைத்துக்கொண்டு சாலையில் பந்தா காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த நிறத்துக்குப் பின்னால் உள்ள உழைப்பு நம்முடையதல்ல. ஆனால் பெயின்ட்டர் உப்புத்தாளை எடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பச்சையைத் தேய்த்தால் கீழே இன்னொரு பச்சை, கொஞ்சம் வெளிறியது. அதன் கீழே இன்னொன்று. ஓரத்தில் மரத்தின் வளையம்போல ஐந்து அடுக்குத் தெரிந்தது. பெயர் தெரியாத எத்தனை பேர், எந்தெந்த ஊரில் பிரஷ்ஷைப் பிடித்தார்களோ!

வெள்ளை அடித்து முடித்து, துருப் பிடிக்காமலிருக்க அடிப்பக்கத்துக்குக் கறுப்புப் பெயின்ட்டைக் கலக்கும் நேரத்தில் அண்ணன் வந்து சேர்ந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெயின்ட்டர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“அந்தச் செவப்பு வட்டத்து மேல மட்டும் அடிச்சிராதப்பா.”