ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை

மருந்துக் கம்பெனி ரெப்புகளுக்கு மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை வேலை கிடையாது. டாக்டர்கள் கிளினிக்கைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெட்ரோல் தண்டம். எண்பதுகளில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று பையும் கையுமாக அலைந்த எங்களுக்குப் போக்கிடம் ஒன்றுதான்: கதீட்ரல் ரோடு டிரைவ்-இன்.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் 1962இல் திறந்தது. மர நிழலில் வரிசையாகக் கார்கள் நிற்கும். பாதி இறக்கிய கண்ணாடியில் தட்டை மாட்டிவிட்டுப் போவார் சர்வர். அதில் நுரை கலையாத டபரா காபி. ஸ்கூட்டர்காரனுக்கு ஏது கண்ணாடி? நாங்கள் உள்ளே போய், இரண்டு காபியை மூன்று பேர் பகிர்ந்துகொண்டு, அன்றைய ரிப்போர்ட்டை எழுதுவோம். பார்க்காத டாக்டரைப் பார்த்ததாக எழுதியதும் அங்கேதான். பக்கத்து மேஜையில் யாராவது சினிமாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். "வேற என்ன சார்?" என்று சர்வர் கேட்பார். அதற்கு ‘எழுந்திரு’ என்று அர்த்தமில்லை.

உட்லண்ட்ஸ் என்ற பெயருக்கு ஒரு பூர்வீகம் உண்டு. உடுப்பிப் பக்கத்திலிருந்து பட்டணம் வந்த கே. கிருஷ்ணராவ், மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ் நடத்தியவர். 1938இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் தோட்ட பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். பங்களாவின் பெயர் உட்லண்ட்ஸ். அதையே ஹோட்டலுக்கும் வைத்துக்கொண்டார். பிறகு எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் வந்தது. அதற்கும் பிறகுதான் எங்கள் டிரைவ்-இன். ராஜா வீட்டுப் பெயர் கடைசியில் ரெப்புகளுக்கும் வேலை தேடும் பையன்களுக்கும் நிழல் கொடுத்தது.

2008இல் மூடினார்கள். நிலம் அரசின் கைக்குப் போய், 2010இல் செம்மொழிப் பூங்கா திறந்தது. பூங்கா அழகுதான், குறை சொல்ல மாட்டேன். போன மாதம் பேத்தியோடு போயிருந்தேன். அவள் பூக்களைப் பார்த்தாள். நான் பழைய மரங்களைத் தேடினேன். ஒன்றன் அடியில் நின்று, இங்கேதானே என் ஸ்கூட்டர் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். சரியாக வரவில்லை. "என்ன தாத்தா தேடறே?" என்றாள். என்னவென்று சொல்வது?

ரிட்டையர் ஆகிப் பல வருஷமாகிறது. இப்போது எனக்கு நாள் முழுக்கவே ஒரு மணியிலிருந்து ஐந்து மணிதான். போய் உட்கார இடம்தான் இல்லை.