மணலில் ஏறத் தெரிந்த ஓடம்

கார் நிக்கோபாரில் படகு தேடுபவருக்கு முதல் தலைவலி கரைதான். 127 சதுர கி.மீ. பரப்புள்ள தட்டையான தீவு. சுற்றிலும் பவழப் பாறை. இயற்கைத் துறைமுகம் கிடையாது. மலாக்காவிலும் மூஸிலும் இருக்கும் ஜெட்டிகள் கப்பல்களுக்கானவை. மீன் பிடிக்கப் போகிறவர் தன் கிராமத்து மணலிலிருந்தே இறங்க வேண்டும். நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் பாறையைக் கடக்க வேண்டும். திரும்பும்போது உடைகிற அலையோடு வந்து மணலில் ஏறியாக வேண்டும். அடுத்த அலை வருவதற்குள் நாலு பேர் கூடிப் படகை மேலே இழுத்துவிட வேண்டும். இவ்வளவும் செய்யக்கூடிய படகு எது?

நிக்கோபாரிகள் கண்ட விடை ஹோடி. ஒரே மரத்தைக் குடைந்து, நெருப்பில் வாட்டி விரித்த ஒல்லியான ஓடம். ஒரு பக்கம் மட்டும் குறுக்குக் கழிகளை நீட்டி அவற்றின் நுனியில் ஒரு மிதவைக் கட்டை. கட்டுவதற்குப் பிரம்பு. மிதவை இல்லாவிட்டால் இவ்வளவு ஒல்லியான மரத்தில் ஆள் உட்காரக்கூட முடியாது. அது இருப்பதால் சூட்சுமம் எளிது: மிதவைப் பக்கம் சாய்ந்தால் கட்டை அமுங்க மறுக்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அதன் எடையே பிடித்து இழுக்கும். கொஞ்சம் நீர் இருந்தாலே மிதக்கும். முகப்பில் ஒருவர் ஈட்டியோடு நிமிர்ந்து நிற்கலாம். தென்னை ஓலைப் பந்த வெளிச்சத்தில் இரவில் மீன் குத்துவது இங்கே பழைய வழக்கம்.

நிற்க முடியுமா என்ற இந்தக் கேள்வி உலகெங்கும் உண்டு. செயற்கை ஈயைத் தூண்டிலில் கட்டி ஏரியில் டிரவுட் பிடிக்கிற வெளிநாட்டுக் கனவான்களும் படகு வாங்கும்போது இதையேதான் கேட்கிறார்கள். எழுந்து நின்று கயிற்றைச் சுழற்றி வீச வேண்டும். படகு ஆடக் கூடாது. காற்று தள்ளிக்கொண்டு போகக் கூடாது. தனியாளாகக் கரையேற்ற முடிய வேண்டும். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் டிரவுட்டைக் கொண்டு வந்து விட்ட காலத்திலேயே கார் நிக்கோபார்க்காரர்களுக்கு இதற்கெல்லாம் பதில் தெரிந்திருந்தது. யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் படகைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அவர்களுக்கு முழுதாக இருந்ததில்லை. பெரிய ஓடம் வேண்டுமென்றால் தெற்கே 70 கி.மீ.க்கு மேல் கடல் கடந்து சௌராவுக்குப் போக வேண்டும். சௌரா மிகச் சிறிய தீவு. அங்கே பெரிய மரமே கிடையாது! ஓடங்கள் இன்னும் தெற்கே, காடுள்ள தீவுகளில் குடையப்பட்டு சௌராவுக்கு வந்து, அங்கிருந்தே வடக்கே விலை போயின. மண்பானையும் அப்படித்தான், சௌராக்காரர்கள் வனைந்தால்தான் பானை. இந்த ஏற்பாட்டை மீறினால் கேடு வரும் என்று நம்பினார்கள். சௌராவின் மந்திரத்துக்கு மற்றத் தீவுகளில் அவ்வளவு பயம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே அதிகாரியாக இருந்த ஈ. எச். மேன் இந்த வணிகத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஏகபோகம் என்று இதைத் திட்டலாம். விளைச்சல் இல்லாத ஒரு தீவு பட்டினி கிடக்காமல் இருக்க மற்றத் தீவுகள் செய்துகொண்ட ஏற்பாடு என்றும் பார்க்கலாம். இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது.

2004 டிசம்பர் 26 எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. கரையோரக் கிராமங்கள் அழிந்தன. நிலமே ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. சௌராக்காரர்கள் தெரசா தீவுக்கு மாற்றப்பட்டார்கள். கார் நிக்கோபாரில் பிழைத்தவர்கள் உள்பகுதிக்குக் குடியேறினார்கள். மணலில் இருந்த ஹோடிகளைக் கடல் கொண்டுபோயிற்று. நிவாரணமாக ஃபைபர் படகுகளும் என்ஜின்களும் வந்தன.

ஃபைபர் படகைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயமில்லை. அது வேகமானது, மழையில் மக்காது, தூரக் கடலுக்குப் போகலாம். தமிழகக் கரையில் கட்டுமரத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கேயும் அது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. சென்னையில் இருந்து இயங்கிய ஐ.நா.வின் வங்காள விரிகுடாத் திட்டம் 1980களில் அலையில் இறங்கி ஏறக்கூடிய படகுக்காக மாதிரி மேல் மாதிரியாகக் கட்டிச் சோதித்தது. அந்தப் பக்கம் மீனுக்குச் சந்தை இருக்கிறது. பக்கத்திலேயே ஐஸ், டீசல், மெக்கானிக் எல்லாம் உண்டு. கார் நிக்கோபாரில் பெரும்பாலும் வீட்டுக்குத்தான் மீன். எரிபொருளும் உதிரிப் பாகமும் சுமார் 270 கி.மீ. தள்ளியுள்ள ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது பழைய போர்ட் பிளேரிலிருந்து, கப்பலில் வர வேண்டும். பவழம் கிழித்த ஃபைபருக்கு ரெசின் வேண்டும். கழன்ற மிதவைக்குப் பிரம்பும் ஒரு பிற்பகலும் போதும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஹோடி தனியாள் சொத்தல்ல. துஹேத் எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். நிலம், தென்னை, பன்றி எல்லாமே துஹேத் வழியாகத்தான். சுனாமிக்குப் பிறகு வந்த உதவியோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்று வீட்டுக்கு வீடு எண்ணிக் கொடுக்கப்பட்டது. எழுதுகிற குமாஸ்தாவுக்கு அது வசதி. ஆனால் பெரிய ஹோடியை மணலில் ஏற்ற ஒரு வீட்டு ஆட்கள் போதாது. துடுப்புப் போடவும் போதாது. மரம் வெட்டிக் கொண்டுவரவோ கேட்கவே வேண்டாம்.

ஆக, இன்று ஒரு துஹேத்தின் பெரியவர் படகு பற்றி முடிவெடுக்க உட்கார்ந்தால் அவர் எண்ண வேண்டியது நீளம், அகலம், குதிரைத் திறன் மட்டுமல்ல. கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள்? பையன்களில் யாருக்குப் பிரம்புக் கட்டுத் தெரியும்? விழா நாட்களில் கிராமத்துக்குக் கிராமம் போட்டி போட்டு ஹோடி ஓட்டுவது நிக்கோபாரிகளின் பெருமை. அதற்கு ஃபைபர் படகோடு போய் நிற்க முடியாது. பாறைக்கு இந்தப் பக்கம் மீனுக்கு ஒரு ஹோடி, தூரத்துக்கு ஒரு என்ஜின் படகு என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். என்ஜின் படகைப் பணம் கொடுத்து வாங்கலாம். ஹோடிக்கு முதலில் மரம் வேண்டும். தென்னை மூடிய கார் நிக்கோபாரில் ஓடத்துக்கு ஏற்ற பருமனில் மரம் கண்டுபிடிப்பதுதான் பெரியவரின் அடுத்த வேலை.