தேரோட்டத்தன்று ஏறாத கோடு

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு மறுநாள் காலை, மம்சாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் லேப்டாப்பைத் திறந்தேன். எட்டு மாதமாக வாராவாரம் ஏறிக்கொண்டே இருந்த மெமரிக் கோடு, முந்தின நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தது.

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்யும் ஒருவருக்குச் சரக்கு இருப்புக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். எந்தக் குடோனில் எத்தனை பேல், எது லாரி ஏறிவிட்டது என்பதெல்லாம் எல்லோர் திரையிலும் உடனுக்குடன் மாறும். சர்வரில் மெமரி 4 ஜிபி. நோட் ஜேஎஸ்ஸில் எழுதிய ப்ரோகிராம், தொடங்கும்போது 180 எம்பி பிடிக்கும். வேலை நாளுக்கு 300 எம்பி கூடும். ஆறு நாளில் 2 ஜிபியைத் தொட்டு விழுந்துவிடும். அதற்கு முன், சனி நள்ளிரவில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்திருந்தேன். வாடிக்கையாளருக்குத் தொந்தரவில்லை. எனக்குத்தான் தூக்கமில்லை.

காரணம் தேடிய முதல் வாரத்தைத் தவறான இடத்தில் செலவழித்தேன். சர்வரில் 'காலி' என்று காட்டுகிற அளவு சுருங்குவதைப் பார்த்துப் பதறினேன். சும்மா கிடக்கும் மெமரியில் லினக்ஸ் கோப்புகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். அது கசிவே இல்லை. ப்ரோகிராம் தனக்கென்று பிடித்து வைத்திருப்பதைத்தான் பார்க்க வேண்டும். பிறகு பில்லை பிடிஎஃப் ஆக்கும் பகுதியைச் சந்தேகித்தேன், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பைச் சரிபார்க்கும் வேலையைச் சந்தேகித்தேன்.

தேரோட்டத்துக்கு மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை. குடோன் பூட்டியிருந்தது. ஐந்து நிமிட வேலையோ அன்றும் தவறாமல் ஓடியிருந்தது. அப்படியென்றால் கசிவு கடிகாரத்தால் வருவதில்லை, ஆட்களால் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோடு இப்படித்தான் படுத்திருந்திருக்கிறது. முந்தின இரவு ரீஸ்டார்ட் ஆனதால் அப்படி என்று எண்ணிக் கடந்துவிட்டேன். துப்பு வாராவாரம் வந்திருக்கிறது; ரீஸ்டார்ட்தான் அதை மறைத்திருக்கிறது.

காலை பத்து மணிக்கு ஒன்றும் மதியம் ஒரு மணிக்கு ஒன்றுமாக இரண்டு ஹீப் ஸ்னாப்ஷாட் (மெமரியில் இருப்பவற்றின் படம்) எடுத்து ஒப்பிட்டேன். கூடியிருந்தவை எல்லாம் ஒரே வகை: இருப்பு மாறினால் சொல்லச் சொல்லிக் காத்திருக்கும் லிசனர்கள். ஒவ்வொன்றும் முழு இருப்புப் பட்டியலையும் கையில் பிடித்திருந்தது, தலைக்குச் சுமார் 400 கேபி. 1960-ல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக எழுதிய காலத்திலிருந்து தேவையற்ற மெமரியை மீட்கும் 'குப்பை அள்ளும்' முறைக்கு விதி ஒன்றுதான். எங்கிருந்தும் எட்ட முடியாததை அள்ளலாம். எங்கிருந்தாவது எட்ட முடிந்தால் தொடக் கூடாது. ஆனால் ஆப்பைப் பயன்படுத்துவோர் பதினான்கு பேர். பிடித்திருப்பவையோ அன்று மதியத்துக்குள் முந்நூறுக்கு மேல்!

பஸ் ஏறிக் குடோனுக்கே போனேன். பேல் எண்ணும் அண்ணனின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றேன். உள்ளே போனார், போனில் சிவப்புப் பட்டை வந்தது. வாசலுக்கு வந்தார், மறைந்தது.

"என்னண்ணே, அடிக்கடி இப்படி ஆகுமா?"

"உள்ள போனா டவர் போயிரும் தம்பி. வெளிய வந்தா வந்துரும். ஒரு நாளைக்கு நூறு தடவை நடக்கிறோம்ல."

கூரை வரை அடுக்கிய துணிக்கும் தகரத்துக்கும் நடுவே சிக்னல் அறுந்து அறுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டும் ஒவ்வொரு முறையும் புது லிசனர். அறுந்த பழையதை யாரும் நீக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோதனைப் பிரதியில் என் போனை மட்டும் இணைத்து, ஏரோபிளேன் மோடை இருபது முறை போட்டுப் போட்டு எடுத்தேன். லிசனர் 1-லிருந்து 21 ஆனது. மெமரி 8 எம்பி கூடியது. ஒரு நாளின் 300 எம்பிக்குக் கணக்குப் போட்டால் 750 முறை. குடோனில் நடமாடும் போன்கள் ஆறு. பொருந்திவிட்டது.

இன்னொன்று உறுத்தியது. ஒரே நிகழ்வுக்குப் பத்துக்கு மேல் லிசனர் சேர்ந்தால் நோட் ஜேஎஸ் தானே எச்சரிக்கும். இங்கே ஏன் எச்சரிக்கவில்லை? தேடினால், வரம்பைப் பூஜ்யமாக்கி எச்சரிக்கையையே அணைத்த ஒரு வரி. நான் எழுதியதுதான். பதினான்கு பேர் நியாயமாகவே இணைந்ததால் வந்த எச்சரிக்கை அது. வரம்பை முப்பது என்று வைத்திருந்தால் முதல் நாள் காலையிலேயே கத்தியிருக்கும்.

2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா தரவு மையத்தில் நடந்ததும் இந்த ரகம்தான். பழுதான ஒரு சர்வரை மாற்றினார்கள். புதிய முகவரி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. இல்லாத சர்வரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட சேமிப்பக சர்வர்கள், ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் மெமரியை இழந்து கடைசியில் திணறிப்போயின. அங்கே ஆயிரமாயிரம் இயந்திரங்கள், இங்கே ஒரு குடோன். பிரிந்துபோனதைப் பிரிந்ததாகக் கணக்கில் எழுதாத பிழை இரண்டிலும் ஒன்றே.

இணைப்பு அறுந்ததும் பழைய லிசனரை நீக்கும் திருத்தம் மூன்றே வரி. சனி இரவு ரீஸ்டார்ட்டையும் எடுத்துவிட்டேன். பத்தாம் நாள் மாலை மெமரி 210 எம்பியில் நின்றது. ஆறரை மணிக்கு லிசனர் எண்ணிக்கை 9. அண்ணன் குடோனைப் பூட்டிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தபோதே அது 8 ஆனது.