செவ்வாய்க்கிழமை புலி இல்லை

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது. மண்டப வாடகை பாதிக்குக் கிடைக்கும். வண்டலூர் ஜி.எஸ்.டி. சாலையோரத்துக் கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் கு. அழகிரிசாமியும் அசோகமித்திரனும் அடுக்கிக் கிடந்தார்கள். பந்திக்கூடத்து நீள மேஜைகளில் சமையல், ஜோதிடம், டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டிகள். சாப்பாட்டு மேஜைக்கு விரிக்கும் காகிதச் சுருள்தான் விரிப்பு. பத்து சதவீதக் கழிவு. குடியிருப்போர் சங்கத்தார் நடத்துகிற புத்தகக் கண்காட்சி. நந்தனத்துக் கண்காட்சிக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு வந்தவர்கள் அரைச் சுற்றில் திரும்பிவிட்டார்கள்.

வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அது வசதி.

மேடைக்குக் கீழே நைலான் கொடி, அதில் துணி கிளிப்புகள், கிளிப்புகளில் சீட்டுகள். ‘படித்த புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்’ என்று அட்டை. எழுந்து போய்ப் பார்த்தேன். ‘அருமை.’ ‘மிக அருமை.’ ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்.’ ஒரு புண்ணியவான் பின்னட்டையை விலை உட்பட நகல் எடுத்திருந்தார். விமர்சகர் க.நா.சு. பார்த்திருந்தால் கொடியோடு அறுத்திருப்பார். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டே நூல்களை அறிமுகம் செய்தவர். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லி ஊர்ப்பகை சம்பாதித்தவரும் அவரே.

காக்கிச் சட்டையில் ஒரு கண்டக்டர் வந்தார். கிளாம்பாக்கத்தில் வண்டி எடுக்க நேரம் இருந்திருக்கும். எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. சீட்டுப் பொறுப்பில் இருந்த கல்லூரிப் பெண் விடவில்லை.

“அண்ணா, எழுதிட்டுப் போங்களேன்.”

“எனக்கு என்னம்மா எழுதத் தெரியும்?”

“பிடிச்சுதா, இல்லையா, ஏன். அவ்ளோதாண்ணா.”

காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். ‘அருமை’ என்று எழுதி, அடித்தார். கடைசி ஸ்டாப்பில் கணக்கு இடிக்கும்போது வருகிற முகம். பிறகு கடகடவென்று எழுதி நீட்டிவிட்டு, மணி பார்த்துக்கொண்டே ஓடினார். கொடியில் மாட்டியதும் படித்தேன்.

‘அத்தை சாகிற வரைக்கும் கீழே வைக்கவில்லை. அப்புறம் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நாற்பது பக்கம் இழுவை. ஆனாலும் முடித்தேன், அத்தை பேச்சை யாராவது எடுப்பார்களா என்று. எடுக்கவே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.’

பதினோரு மணிவாக்கில் ஒரு குடும்பம் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தது. தாத்தா, மகள், நாலு வயசுப் பேரன். விழுப்புரம் பக்கம்.

“செவ்வாக்கெழம ஜூ லீவாம். வந்தப்புறந்தான் தெரியுது” என்றாள் மகள், மின்விசிறியைப் பார்த்து.

“புலி எங்க?” என்றான் பேரன். படப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். விரித்துப் பார்த்தான். “இது நடக்கல.”

தாத்தா சீட்டுக்காரப் பெண்ணிடம் கதை ஆரம்பித்தார். “அப்பல்லாம் ஜூ சென்ட்ரல் பக்கத்துல பாப்பா, மூர் மார்க்கெட்ட ஒட்டி. புலியப் பாத்துட்டு அப்படியே பழைய புஸ்தகக் கடை. எட்டணாவுக்குப் பை ரொம்பிடும்.”

சரிதான். 1985-இல் வண்டலூர்ப் பூங்கா திறந்தது. அதே வருஷம் மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. புலிக்கும் யானைக்கும் 1,000 ஏக்கருக்கு மேல் காடு கிடைத்தது. பழைய புத்தகக் கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் வணிக வளாகம்.

பேசிக்கொண்டே கொடியருகே வந்தவர் கண்டக்டர் சீட்டில் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

“இது எந்தப் புஸ்தகம் பாப்பா?”

அவள் சீட்டைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளை. நாலு வரிக்கு மேலேயே எழுதிய மனிதர் தலைப்பை மட்டும் விட்டிருந்தார். வெளியே ஓடி, சாலையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினாள்.

தாத்தா கடைக்காரரிடம் போனார். “அத்தை செத்துப்போற நாவல் ஒண்ணு...”

“அத்தை சாகாத நாவல் கேளுங்க பெரியவரே, உடனே எடுத்துத் தர்றேன்.”

அவர் சிரிக்கவில்லை. முதல் மேஜையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக எடுத்து, நடுப்பக்கத்தைப் பிரித்து, விரலை ஓட்டி, வைத்தார். மகள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு நாற்காலி தேடி உட்கார்ந்தாள். பேரன் அவள் மடியில், புலிப் படத்தின் மேல் கன்னம் வைத்துத் தூங்கிப்போயிருந்தான். நான் கிளம்பும்போது தாத்தா மூன்றாவது மேஜையில் இருந்தார். அது சமையல் மேஜை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.