பூஞ்சணம் பிடித்த சுவர்கள்

ஒக்ரோபர் பிறந்து மழை இறங்கத் தொடங்கியதும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வசிப்போரின் பேச்சில் அரசியலுக்கு அடுத்தபடியாக இடம்பிடிப்பது சுவர்களில் படரும் பூஞ்சணமே. அதே வாரங்களில் இலண்டனில் வாழும் உறவினர்களும் தொலைபேசியில் இதே முறைப்பாட்டைச் சொல்கிறார்கள். இரண்டு சுவர்களிலும் தெரிவது ஒரே கறுப்புத்தான். ஆனால், அந்தக் கறுப்புக்குத் தண்ணீர் ஊற்றுவது வெவ்வேறு கைகள். இதைப் பிரித்தறியாமல் இங்கு கேட்ட வைத்தியத்தை அங்கும், அங்கு கேட்டதை இங்கும் செய்துபார்ப்பதனாலேயே பலருடைய பணம் வீணாகின்றது.

பாடசாலை விஞ்ஞான நூல்களில் பங்கசு என்று படித்தோமே, அதுதான் இது. அதன் வித்திகள் கண்ணுக்குத் தெரியாமல் எந்நேரமும் காற்றில் மிதக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் நுழையவிடாமல் தடுக்க எவராலும் இயலாது. அவற்றுக்கான உணவும் எங்கும் இருக்கிறது: தூசி, காகிதம், மரம், பூச்சில் கலந்துள்ள பசை. எஞ்சியிருப்பது ஈரம் ஒன்றே. நனைந்த இடம் ஒன்று, இரண்டு நாட்களுக்குள் உலர்ந்துவிட்டால் பூஞ்சணம் பெரும்பாலும் பிடிப்பதில்லை. ஆகவே சுவர் கறுக்கும்போது கேட்கவேண்டிய முதற் கேள்வி, எதைப் பூசுவது என்பதன்று. இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதே.

கொழும்பில் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. வெளிப்பூச்சில் ஒரு மயிரிழை வெடிப்பு, இலைகள் அடைத்த பீலி, மேல்மாடிக் குளியலறையில் கசியும் குழாய் - இவற்றில் ஒன்று இருக்கும். காற்றிலேயே ஈரப்பதன் மிகுந்த நகரம் என்பதால் நனைந்த சுவர் காய நாட்கள் செல்லும். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளுக்குப் பொங்கலை ஒட்டி வெள்ளையடிக்கும் வழக்கத்தை அழகுக்கானது என்றே பலரும் எண்ணுகிறோம். புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மையைப் பங்கசு தாங்காது. அத்துடன், சுவர் குடித்த ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே போகவும் விடும். அதே சுவரில் நவீன பிளாஸ்ரிக் பூச்சை அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, ஓரிரு மாரிக்குள் பூச்சு கொப்புளித்து உரிகிறது. வர்ணக் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்துவைக்கும் பழக்கமுள்ள என்போன்றோருக்கு ஒரு வார்த்தை: அலுமாரி சுவரிலிருந்து நான்கு விரற்கிடையாவது தள்ளி நிற்கட்டும்.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே நீர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் உற்பத்தியாகிறது. சோறு வேகும் ஆவி, வெந்நீர்க் குளியல், உள்ளே காயப்போட்ட உடுப்புகள், நாம் விடும் மூச்சு எல்லாம் காற்றில் கலந்து, குளிர்ந்த வெளிச்சுவரிலும் யன்னல் ஓரத்திலும் ஒடுங்கி நீராகின்றன. குளிருக்கு அஞ்சி யன்னலைத் திறப்பதில்லை. கட்டணத்துக்கு அஞ்சி வெப்பமூட்டியைப் போடுவதில்லை.

எந்த வகை ஈரம் என்று ஐயமிருப்பின் எளிய சோதனையொன்றுண்டு. சுவரின் ஈரமான இடத்தைத் துடைத்து உலர்த்தி, ஓரடிச் சதுர அலுமினியத் தாளொன்றை நான்கு ஓரமும் இறுக ஒட்டி, ஓரிரு நாட்களின் பின் பாருங்கள். தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் நீர் அறைக்காற்றிலிருந்து வருகிறது. பின்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்னதற்குக் காற்றோட்டமும் சூடும் வேண்டும். பின்னதற்கு மேசனை அழைக்கவேண்டும்.

நீரை நிறுத்திய பின்னர்தான் துப்புரவு. உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்திகள் அறை முழுதும் பறக்கும். முகக்கவசம் அணிந்து, யன்னலைத் திறந்து, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, நன்கு உலரவிட வேண்டும். குளியலறை மாபிளுக்குக் குளோரின் திரவம் பயன்படும். சீமெந்துப் பூச்சுக்குள் அது ஆழமாக இறங்குவதில்லை. நிறம் வெளுக்கும், பூஞ்சணம் திரும்பும். அதனுடன் வினாகிரியையோ அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு எழும். செத்த பூஞ்சணமும் தொய்வுக்காரரை வருத்தும் என்பதால் கொன்றால் போதாது, துடைத்து அகற்றவும் வேண்டும்.

இவ்வளவையும் குடியிருப்பவரே செய்துவிட முடியுமா? முடியாத இடங்களும் உண்டு. வட இங்கிலாந்தின் றொச்டேல் நகரில், சமூக வீடமைப்பு நிறுவனமொன்றின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. சூடானிலிருந்து வந்த பெற்றோர். தந்தை 2017 இலேயே பூஞ்சணம் பற்றி முறையிட்டபோது, மேலே பூச்சு அடிக்கும்படி சொல்லப்பட்டது. நீண்டகாலம் பூஞ்சணச் சூழலில் இருந்ததால் ஏற்பட்ட சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அக்குடும்பத்தின் வாழ்க்கை முறை, அவர்கள் குளிக்கும் முறை பற்றியெல்லாம் தாம் ஊகங்கள் செய்ததை அந்த நிறுவனமும் பின்னர் ஒப்புக்கொண்டது.

ஓர் ஊகம் எவ்வளவு வசதியானது! வந்தேறியின் சமையலிலும் குளியலிலும் பழியைப் போட்டால் கூரையையும் காற்றுப்போக்கியையும் பார்க்கவேண்டியதில்லை. அடுப்பில் எப்போதும் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும் எங்கள் வீடுகளுக்கு இந்தப் பழி அந்நியமானதன்று. ஆவி எழுவது உண்மை. அதை வெளியேற்றும் மின்விசிறி வேலை செய்யவேண்டியதும் உண்மை.

அக்குழந்தையின் பெயரால் இயற்றப்பட்ட விதிகள் 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்தன. உயிருக்கு உடனடி ஆபத்தெனில் 24 மணித்தியாலங்களுக்குள் கவனிக்க வேண்டும். கடும் ஈரமும் பூஞ்சணமும் பற்றிய முறைப்பாட்டை 10 வேலை நாட்களுக்குள் ஆராய்ந்து, ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும். அந்த நாட்கள் முறைப்பாடு கிடைத்ததிலிருந்து எண்ணப்படுபவை. ஆகையால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். திகதியிட்டு எழுதுங்கள், படம் எடுத்து இணையுங்கள், வீட்டில் தொய்வுக்காரரோ குழந்தையோ இருந்தால் அதை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள், பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.