ஏற்காட்டுக் குளமும் என் தானியங்கியும்

நீந்தத் தெரியாதவன் நீச்சல் குளத்தைப் பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். எனக்கு நீந்தத் தெரியாது. என் தந்தையாருக்கும் தெரியாது. ஆயினும் பதினோரு ஆண்டுகளாக ஏற்காட்டில் ஒரு விருந்தினர் விடுதியின் நீச்சல் குளத்தைக் காத்து வருபவர் அவர். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும், நான் இந்தக் கல்லூரியில் இயற்பியல் படிப்பதும் அந்தக் குளத்தின் புண்ணியமே.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் ஏற்காடு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே மார்கழி மாதத்தில் குளத்து நீரில் காலை வைத்தால், அந்தக் கால் நம்முடையதுதானா என்ற ஐயம் வந்துவிடும். பணம் கொடுத்துத் தங்க வருகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்களா? ஆகவே நீரைச் சூடாக்க வேண்டும்.

அது எளிய காரியம் அன்று. குளம் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 60,000 லிட்டர். இதை ஒரே ஒரு டிகிரி உயர்த்த 60,000 கிலோ கலோரி வெப்பம் தேவை. மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 70 யூனிட். வெந்நீர்ச் சுருளைப் போட்டுச் சூடாக்கினால் நீர் கொதிக்குமோ இல்லையோ, மின் கட்டணச் சீட்டைப் பார்த்து முதலாளி கொதித்துப் போவார்! எனவே சூரிய பகவானின் தயவை நாடினார்கள். விடுதிக் கூரையில் 30 சதுர மீட்டர் பரப்புக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்களை நெருக்கி இணைத்த விரிப்புகள் கிடக்கின்றன. கண்ணாடி மூடி எதுவும் கிடையாது. அப்பா அவற்றைப் ‘பாய்’ என்பார். குளத்து நீரைச் சிறு மோட்டார் ஒன்று கூரைக்கு ஏற்றும். பாயினுள் புகுந்து வெயிலை வாங்கிக்கொண்டு நீர் மீண்டும் குளத்துக்கு இறங்கும். நாள் முழுதும் நல்ல வெயில் அடித்தால் ஒரு டிகிரி ஏறும், அவ்வளவுதான். இரவில் குளத்தை மூடாமல் விட்டால் அதுவும் தங்காது. மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியாகிப் போனாலே குளம் அரை டிகிரியை இழந்துவிடும். அதனால் அந்தி சாயும் முன் போர்வை போர்த்துவது போல் குளத்தை மூடிவிடுவார் அப்பா.

அவருடைய நாள் விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கும். முதலில் வடிகட்டி மோட்டார். மணிக்கு 12,000 லிட்டர் வீதம் ஐந்து மணி நேரம் ஓடினால் குளம் முழுவதும் ஒருமுறை வடிகட்டியின் வழியே சென்று வந்துவிடும். விருந்தினர் சிற்றுண்டி முடித்து வரும்போது நீர் பளிங்காக இருக்க வேண்டுமல்லவா? இந்த விடியற்காலை வேலைக்கென்று சம்பளத்துக்கு மேல் மாதம் 1,500 ரூபாய் படி உண்டு. பத்து மணியளவில் ஏணி வைத்துக் கூரைக்கு ஏறுவார். உள்ளங்கையைப் பாயின் மேல் வைப்பார். இறங்கி வந்து அதே கையைக் குளத்தில் விடுவார். பாய் நன்றாகச் சுட்டால் கூரை மோட்டாரைப் போடுவார். மேகம் கவிந்தால் நிறுத்துவார். ஏற்காட்டு மேகத்தைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே! ஒரு நாளில் ஆறேழு முறை ஏணி ஏறி இறங்குவார். வயது 54.

2024 டிசம்பரில் பருவத் தேர்வு முடிந்து விடுமுறைக்கு மேலே போனவன், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ‘இரண்டு உஷ்ணமானிகளும் ஒரு சுவிட்சும் செய்யக்கூடிய வேலைக்கு அப்பா ஏன் ஏணி ஏற வேண்டும்?’ என்று தோன்றியது. முதலாளியிடம் சொன்னேன். “ஆறாயிரத்துக்குள் முடியுமானால் செய், தம்பி” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டு விளக்கையும் விசிறியையும் கைபேசியால் ஏவும் கருவிகள் இன்று கடைகளில் மலிந்து கிடக்கின்றன. அதே கருவிகள் குளத்துக்கும் போதும். வைஃபை வசதியுள்ள இ.எஸ்.பி.8266 என்ற சில்லு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. டி.எஸ்.18பி20 என்ற வெப்ப உணரி அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்லும். ஒன்றைப் பாயிலும் மற்றொன்றைக் குளத்துக் குழாயிலும் பொருத்தினேன். இவற்றையெல்லாம் கட்டி மேய்க்க ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள். 2013-இல் பாலஸ் ஸ்கௌட்சன் என்பவர் தொடங்கி, பின்னர் உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் வளர்த்தது, விலை கிடையாது. ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் அதை ஏற்றினேன். 230 வோல்ட் இணைப்பை மட்டும் நான் தொடவில்லை. அப்பா பிடிவாதமாக உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து வந்து, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பிரேக்கரையும் போட வைத்தார். குழந்தைகள் இறங்குகிற தண்ணீர் என்பது அவர் நினைவில் எப்போதும் இருக்கும்.

முதல் நாளே வேடிக்கை நடந்தது. பாய் குளத்தைவிட 4 டிகிரி சூடானால் மோட்டார் ஓடட்டும், குறைந்தால் நிற்கட்டும் என்று ஒரே ஓர் எண்ணைக் கொடுத்திருந்தேன். மோட்டார் ஓடியதும் குளிர்ந்த நீர் பாய்க்குள் பாய்ந்தது, பாய் குளிர்ந்தது, மோட்டார் நின்றது, நின்றதும் பாய் சூடேறியது, மோட்டார் மறுபடி ஓடியது. மாலைக்குள் நாற்பது தடவைக்கு மேல்! “இது என்னடா, விக்கல் எடுத்தவன் மாதிரி?” என்று சிரித்தார் அப்பா. பிறகு இரண்டு எண்கள் கொடுத்தேன்: 6 டிகிரி வேறுபாட்டில் தொடங்கவும், 2-க்கு இறங்கினால் நிறுத்தவும். ஒருமுறை தொடங்கினால் பத்து நிமிடமாவது ஓட வேண்டும் என்றும் சேர்த்தேன். விக்கல் நின்றது. அந்த நாற்பது தடவை செய்துவிட்டுப் போன கெடுதல் அப்போது எனக்குத் தெரியவில்லை.

வடிகட்டி மோட்டாரும் தானே 4 மணிக்கு ஓடத் தொடங்கியது. முதலாளி வந்து பார்த்தார். “இனிமேல் நாலு மணிக்கு யாரும் எழுந்திருக்க வேண்டாம், இல்லையா தம்பி?” என்றார். “வேண்டாம் சார்” என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

ஜனவரி முதல் வாரம் வந்த சம்பளத்தில் விடியற்காலைப் படி இல்லை. அப்பா என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மாதான் அடுப்பங்கரையில் வைத்துச் சொன்னார்கள். தங்கையின் தட்டச்சு வகுப்புக்கும் என் தேர்வுக் கட்டணத்துக்கும் அந்தப் பணத்திலிருந்துதான் எடுத்து வைப்பது வழக்கமாம். எனக்கு இது மூன்று ஆண்டுகளாகத் தெரியாது.

“நல்லாத் தூங்குறேன் கண்ணு, அது போதும்” என்றார் அப்பா, நான் கேட்டபோது. பொங்கல் சமயத்தில் விடுதி நிரம்பி வழியும். பதினோரு ஆண்டுகளில் ஒரு பொங்கலுக்கும் அவர் வீட்டில் இருந்ததில்லை. “கைபேசியிலே நான் பார்த்துக்கிறேன், வாங்கப்பா” என்று வற்புறுத்தி அழைத்து வந்தேன். குளத்தை மூடும் வேலையைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

2025 ஜனவரி 13, போகி இரவு. அம்மா வாசலில் கோலத்துக்கு இடம் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். மணி பத்தரை. கைபேசியைப் பார்த்தேன். மாலை 4 மணிக்குக் குளம் 24.3 டிகிரி. இப்போது 23.4. மூடிய குளம் அவ்வளவு வேகமாகக் குளிராது. ‘பனி அதிகமாக இருக்கும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா எட்டிப் பார்த்தார். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைபேசி; இந்தத் திரையெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை.

“இந்தக் கோடு எது?”

“குளம்.”

“பாய் எவ்வளவு காட்டுது?”

“22.8.”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். “மணி பத்தரை ஆச்சு. பாய் இந்நேரம் சில்லுனு கிடக்கணும். மோட்டார் ஓடுதுடா.”

“இல்லப்பா, மோட்டார் நிறுத்தம்னு காட்டுது பாருங்க.”

“அது என்னவோ காட்டட்டும். தண்ணி போகாம ராத்திரியிலே பாய் எப்படி இவ்வளவு சூடா இருக்கும்?”

இயற்பியல் படித்தவன் நான். வெளியே காற்று 14 டிகிரி. சும்மா கிடக்கும் பாய் அதையும்விடக் குளிர்ந்திருக்க வேண்டும். குளத்து நீர் உள்ளே ஓடினாலொழியக் குளத்தின் உஷ்ணம் அதற்கு வர வழியே இல்லை. ஒரு மணி நேரமாக அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான்!

அப்பா காவலாளியை அழைத்தார். “அண்ணே, மோட்டார் ரூம் கதவைத் திறங்க. இடது கைப்பக்கம் சிவப்புப் பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளுங்க. ஈரக் கையோட வேண்டாம், துடைச்சுக்கிட்டு.” கதவு திறந்ததும் மோட்டாரின் உறுமல் எங்கள் கூடத்தில் கேட்டது. “புது மெஷின் ராத்திரியிலும் ஓட்டும் போலிருக்குன்னு நினைச்சேன்” என்றார் காவலாளி. பிறகு உறுமல் நின்றது. என் திரையில் மாற்றம் எதுவும் இல்லை. அதற்கு முன்னும் ‘நிறுத்தம்’; அதற்குப் பின்னும் ‘நிறுத்தம்’.

பொங்கலன்று காலை முதல் பேருந்திலேயே அப்பா மேலே போய்விட்டார். நானும் உடன் போனேன். பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், ரிலேயின் இரு தொடுமுனைகளும் உருகி ஒட்டிக் கிடந்தன. அதன் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. மோட்டார் ஓடும்போது எடுப்பது 6 ஆம்பியர். போதும் என்று எண்ணியிருந்தேன். மோட்டார் தொடங்கும் கணத்தில் ஓடுவதைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதைப் பாடத்தில் படித்து, தேர்விலும் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். நாற்பது விக்கல்களில் தொடுமுனை தேய்ந்து, கடைசியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘நில்’ என்று என் கணினி கட்டளையிட்டது, ரிலேயின் சுருளும் கீழ்ப்படிந்தது, முனைகள்தாம் பிரியவில்லை. கூரைப்பாய் இரவெல்லாம் குளத்து வெப்பத்தை வானத்துக்கு வீசிக்கொண்டிருந்தது. (அரிசோனா போன்ற வெப்பப் பிரதேசங்களில் கோடை இரவுகளில் இதையே வேண்டுமென்றே செய்து குளத்தைக் குளிர வைக்கிறார்கள். எனக்கோ அது வேண்டாத வித்தை!)

இந்த விவரத்தை முதலாளியிடம் மறைத்துவிடலாம் என்பது என் எண்ணம். அப்பா நேரே போய், “ராத்திரி மோட்டார் நிக்கலீங்க சார். குளம் ஒரு டிகிரி இறங்கிப் போச்சு” என்று சொல்லிவிட்டார். நீர் சில்லென்று இருப்பதாக இரண்டு குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. முதலாளி கோபிக்கவில்லை. “இனிமேல் நீ இங்கேயே இருப்பா” என்றார். வீட்டில் பொங்கல் எங்கள் இருவருக்கும் இல்லாமலே பொங்கியது.

கல்லூரி திறந்ததும் எங்கள் இயற்பியல் பேராசிரியர் அவர்களிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “திரையில் நீ பார்த்தது மோட்டாரையா, உன் கட்டளையையா?” பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

அடுத்த ஞாயிறு சேலத்துக் கடையில் மோட்டாருக்கென்றே செய்யப்பட்ட கான்டாக்டர் ஒன்றை வாங்கினேன். இப்போது என் சிறு ரிலே அதன் சுருளை மட்டும் இயக்குகிறது. மோட்டாரின் பளுவைக் கான்டாக்டர் தாங்குகிறது. மோட்டாருக்குப் போகும் கம்பியைச் சுற்றி மின்னோட்டத்தை அளக்கும் வளையம் ஒன்றும் மாட்டியாயிற்று. கட்டளை ‘நிறுத்தம்’ என்றிருக்கும்போது வளையம் மின்னோட்டம் கண்டால் என் கைபேசியும் காவலாளியின் கைபேசியும் அலறும். வளையமே கெட்டுப்போனால்? அதற்கும் ஒரு விதி எழுதினேன்: பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாயின் உஷ்ணம் குளத்தின் உஷ்ணத்துக்கு 2 டிகிரிக்குள் இருந்தால் எச்சரிக்கை. நிரலில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். இந்த விதியின் பெயர் ‘அப்பா’.

படியைப் பற்றிக் கேட்க முதலாளியிடம் நானே போனேன். “நாலு மணிக்கு யாரும் எழுந்திருக்க வேண்டாம்னு நீதானே சொன்னே, தம்பி?” என்றார். உண்மைதான். சொன்னவன் நான்தான். படி திரும்ப வரவில்லை. தங்கை தட்டச்சு வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டாள். நான் மாலை நேரங்களில் ஒரு மின்சாதனக் கடையில் கணக்கு எழுதப் போகிறேன்.

அப்பா இப்போது ஏணி ஏறுவதில்லை. ஆனால் 4 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம். எழுந்து போய் மோட்டார் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கூடையில் சேர்ந்த சருகுகளை அள்ளிப் போட்டுவிட்டு வந்து படுப்பாராம். இரவு ஒன்பது மணிக்குத் தவறாமல் அவரிடமிருந்து அழைப்பு வரும்.

“பாய் எவ்வளவு?”

“15.2 அப்பா.”

“சரி, படு.”