நின்று பேசிய எழுத்துகள்

எங்கள் வீட்டில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் ரிமோட்டில் ஒலியைக் கூட்டும் பொத்தான் தேய்ந்து குழிந்து போயிருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி 'டெக்ஸ்ட்' என்ற பெயரோடு இன்னொரு பொத்தான். அது மட்டும் கடைசிவரை புதிதாகவே பளபளத்தது. முதற் பொத்தான் தேய்ந்ததற்கு என் அப்பா காரணம். இரண்டாவது தேயாததற்கு நம் நாடு காரணம்!

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பிரஸ் ஓட்டியவர். தகடு வெட்டும் எந்திரத்தின் ஓசை, முப்பது ஆண்டுகளில் அவருடைய செவியைச் சிறுகச் சிறுகத் தின்றுவிட்டது. செவியால் வருவதே செல்வங்களில் தலையாயது என்றார் வள்ளுவர். அந்தச் செல்வத்தைத் தொழிலுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பியவர் என் தந்தை.

அந்த 'டெக்ஸ்ட்' பொத்தான் எதற்கு என்று நெடுநாள் எனக்குத் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பாதான் சொன்னார். அங்கே அதை அழுத்தினால் திரை நிறையச் செய்தி வருமாம். பங்கு விலை வருமாம். எந்த விமானம் எப்போது இறங்கும் என்பதுகூட வருமாம். எனக்கு வியப்பு தாங்கவில்லை. பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தேன்.

தொலைக்காட்சிப் படம் 625 கோடுகளால் வரையப்படுவது. அவற்றுள் சில கோடுகளில் படம் இராது. அந்த வெற்றிடத்தில் எழுத்துகளைக் குறியீடாக்கி மறைத்து அனுப்பினால், பெட்டிக்குள் இருக்கும் கருவி அவற்றைப் பக்கங்களாக்கிக் காட்டும். பக்கங்கள் கோயில் தேர்போல ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வரும். நமக்கு வேண்டிய எண்ணை அழுத்திவிட்டு, அது நம் வாசலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிரிட்டனில் பி.பி.சி. 1974-இல் 'சீஃபாக்ஸ்' என்ற பெயரில் இதைத் தொடங்கியது. அங்கே 888 என்ற பக்கத்தை அழுத்தினால், காது கேளாதவர்களுக்காக நிகழ்ச்சியின் உரையாடல் திரையின் அடியில் எழுத்தாக வந்தது. நம் தூர்தர்ஷனும் 1985-இல் தில்லியில் 'இன்டெக்ஸ்ட்' என்று ஒன்றைத் தொடங்கியது. ஆனால் அது எங்கள் ஒரகடம் தெருவுக்கு எட்டவில்லை. அப்பாவின் ரிமோட்டில் அந்தப் பொத்தான் ஊமையாகவே இருந்தது.

இணையம் வந்தது, கைபேசி வந்தது, உலகெங்கும் எழுத்துப் பக்கங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சீஃபாக்ஸ் 2012-இல் நின்றது. சிங்கப்பூரில் 1983-இல் பிறந்த சேவை 2013-இல் விடைபெற்றது.

ஆனால், அப்பாவுக்கு வேறொரு வழி கிடைத்திருந்தது. எங்கள் பகுதிக் கேபிள்காரர் ஓர் அலைவரிசையை எழுத்துக்கென்றே ஒதுக்கியிருந்தார். நீலத் திரை, வெள்ளை எழுத்து, எல்லாம் நல்ல தமிழ். திருமுல்லைவாயல், கொரட்டூர், மண்ணூர்ப்பேட்டையில் நாளை மின்தடை, இரத்தம் தேவை, வீடு வாடகைக்கு, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி. ஒவ்வொரு பக்கமும் படித்து முடிக்கும்வரை நின்றது. காலைக் காப்பியோடு அப்பா அதன் முன் அமர்வார். அந்த அரைமணி நேரம் அவர் செவிடர் அல்லர். ஊரின் நடப்பெல்லாம் அறிந்த பெரியவர். பட்டாபிராமில் தம்மோடு வேலை செய்த ஒருவர் மறைந்த செய்தியை அதில் படித்துவிட்டு, எங்களுக்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

செட்டாப் பெட்டி வந்தது. நூற்றுக்கணக்கில் அலைவரிசைகள் வந்தன. அந்த நீலத் திரை மட்டும் போயிற்று. செய்தி அலைவரிசைகளில் எழுத்து இல்லாமல் இல்லை. ஆனால் அது ஓடுகிற எழுத்து. அப்பா ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் நான்கு சொற்கள் மறைந்துவிடும். பத்து நாளில் அவர் பெட்டியின் முன் அமர்வதையே விட்டுவிட்டார்.

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. பூவிருந்தவல்லியில் அப்பாவின் மிக நெருங்கிய நண்பர் ஒருவர் காலமானார். தொலைபேசி எனக்குத்தான் வந்தது. தேர்வுத்தாள் திருத்தும் வேலையில், மாலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணினேன், மறந்தே போனேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைக்க அவர் மகன் வந்தபோதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அணைந்திருந்த திரையைக் காட்டி, "அந்த நீல டி.வி. இருந்திருந்தா நானே பார்த்துப் போயிருப்பேன்டா. உன்னை எதிர்பார்த்திருக்க மாட்டேன்" என்றார்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. செவி இழந்தவருக்கு எழுத்து வெறும் செய்தியன்று. யாரையும் எதிர்பாராமல் தாமே அறிந்துகொள்ளும் உரிமை அது. அந்த உரிமை பறிபோனபோது அவருக்கு நான் செவியாக இருந்திருக்க வேண்டும், இருக்கத் தவறினேன்.

மறுநாளே ஒரு கரும்பலகை வாங்கிக் கூடத்தில் மாட்டினேன். கல்லூரிக்குப் புறப்படுமுன் அன்றைய செய்தி, மின்தடை, உறவினர் நலம், வந்த தொலைபேசி என எல்லாவற்றையும் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்று படிப்பார். சில நாள் என் எழுத்துப் பிழையைத் திருத்தியும் வைப்பார். அவர் மறையும்வரை அந்தப் பலகை ஒரு நாளும் வெறுமையாக இருந்ததில்லை.

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் செவித்திறன் குறைந்தோருக்காக எழுத்துரையும் சைகை மொழியும் இடம்பெறுவதற்கான தரநெறிகளை நடுவண் அரசு 2019-இல் வெளியிட்டது. அவை எல்லாத் தமிழ் நிகழ்ச்சிகளிலும் முழுமையாக வாழ வேண்டும் என்பது என் ஆசை.

மாணவ நண்பர்களே! அம்பத்தூரிலும் ஆவடியிலும் எந்திரங்களுக்குச் செவியைக் கொடுத்துவிட்டு வந்த தந்தையரும் தாத்தாக்களும் உங்கள் வீடுகளிலும் இருக்கக் கூடும். கைபேசியில் ஆயிரம் செய்திகளைத் தள்ளிவிடும் உங்கள் விரல்கள், நாளுக்கு நான்கு வரி அவர்களுக்காக எழுதட்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அவர்கள் படித்து முடிக்கும்வரை அது அங்கேயே நிற்கட்டும்.